இஞ்சின் எந்தப் பக்கம்

என் அப்பா லோதர் வென்ஸ்கே இருபத்து மூன்று வருடம் சரக்கு வேகன்களைக் கோர்த்தார். அதன்பிறகு இருபத்திரண்டு வருடம் புரதங்களைக் கோர்த்தார். இரண்டும் ஒரே வேலைதான் என்பது அவர் கட்சி.

மார்ச் ஒன்பதாம் தேதி இறந்தார். இதயம். எழுபத்திரண்டு வயது.

பதினெட்டு வயதில் கிழக்கு ஜெர்மனியின் ஹாலே நகரத்தில், சரக்கு வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங் யார்டில் சேர்ந்தவர். 1993-இல், கிழக்கும் மேற்கும் சேர்ந்து நாடு ஒன்றான மூன்றாம் வருடம், யார்டில் பாதிப் பேருக்குக் கடிதம் வந்தது. அதில் 'உபரி' என்று ஒரு சொல் இருந்தது. அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிலவறைக்குப் போனார். ஏறக்குறைய ஒரு வருடம் அங்கேயே இருந்தார். அம்மா ஊறப்போட்ட வெள்ளரிக்காய் ஜாடிகளை உயரப்படி அடுக்குவார். பிறகு தேதிப்படி. பிறகு மறுபடி உயரப்படி.

"லோதர், ஊறுகாய்க்கு டைம்டேபிள் தேவையில்ல. மேல வா" என்று அம்மா படிக்கட்டில் நின்று கத்துவாள். அம்மா கெர்லிண்டே டிராம் ஓட்டுநர். அவளை யாரும் உபரி என்று சொல்லவில்லை. அது அவருக்கு இன்னும் அதிகமாக வலித்தது.

வேலைவாய்ப்பு அலுவலகம் அவரை ஆய்வகப் பயிற்சிக்கு அனுப்பியது. வகுப்பில் மற்ற எல்லோருக்கும் பத்தொன்பது வயது. இவருக்கு நாற்பத்தொன்று. முடித்ததும் ஊரிலேயே ஒரு மரபியல் ஆய்வகத்தில் எடுத்துக்கொண்டார்கள். பேராசிரியர் ஷில்கேயின் ஆய்வகம். முதல் நாள் யார்டின் தோல் கையுறையோடு போனார். ஓடிவரும் வேகனைத் தண்டவாளத்தில் நிறுத்தும் இரும்புக் கட்டை ஒன்றையும் கொண்டுபோய், குளிர் அறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். சென்ட்ரிஃபியூஜை ஓடவிடும்முன் எல்லோரையும் இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லிக் கையை உயர்த்துவார். யாராவது நகராவிட்டால் கையை இறக்க மாட்டார். ஒருமுறை பேராசிரியரே நகரவில்லை. ஏழு நிமிடம் ஆனது.

ஆய்வகத்தில் எல்லோரும் ஒருவரை ஒருவர் 'நீ' என்றார்கள். அப்பா மட்டும் 'நீங்க' என்றார். அதற்கு ஒரு விதி வைத்திருந்தார். ஆள் முதல் கண்ணாடிக் குடுவையை உடைக்கும்வரை நீங்க. உடைத்தபின் நீ. "அதுக்கு முன்னாடி அவங்க யாருன்னே நமக்குத் தெரியாதே" என்பார்.

வேலை இதுதான். குடைமிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு கிருமி இருக்கிறது. அது செடியின் செல்லுக்குள் ஒரு புரதத்தைச் செலுத்தும். புரதம் செடியின் டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தேடிப்போய் உட்கார்ந்து, பக்கத்து மரபணுவை முடுக்கிவிடும். அதன் நடுவுடல் முழுக்க ஏறத்தாழ ஒரே மாதிரிக் கண்ணிகள். ஒவ்வொரு கண்ணியும் ஓர் எழுத்தைப் பிடிக்கும். எழுத்து நான்கு, ஆகவே கண்ணியும் நான்கு வகை. நமக்கு வேண்டிய வரிசையில் கண்ணிகளைக் கோர்த்தால், நாம் சொல்லும் இடத்தில் போய் உட்காரும் புரதம் கிடைத்துவிடும். முடுக்கிவிடும் உறுப்பு வாலில் இருக்கிறது. உண்மையில் கோர்ப்பது புரதத்தை அல்ல, அதைச் செய்யச் சொல்லும் டி.என்.ஏ. துண்டுகளை. ஒவ்வொரு துண்டின் நுனியும் அடுத்த துண்டோடு மட்டும் மாட்டும்.

"கப்ளிங்" என்றார் அப்பா, முதல்முறை கேட்டவுடன். அதற்குமேல் அவருக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வாரக்கடைசியில் போகும் எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்து மனைக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, இப்போது என்ன வேலை என்று கேட்டபோது அப்பா சொன்ன பதில் எனக்கு நினைவிருக்கிறது.

"பதினெட்டு வேகன், ஒரு இஞ்சின். தண்டவாளம் செடியோட டி.என்.ஏ. சரியான ஸ்டேஷன்ல போய் நின்னு ஹார்ன் அடிக்கும். தூங்கிட்டிருக்கிற மரபணு எழுந்துக்கும்."

"எழுந்து?"

"எழுந்து வேலைக்குப் போவும். எல்லாரையும் மாதிரி."

2011 ஜனவரியில் இம்கே வந்தாள். முனைவர் பட்டத்துக்கு, மியூன்ஸ்டரிலிருந்து. மேற்கத்திக்காரி, இருபத்தாறு வயது, மரியாதை அதிகம். கதவைத் திறந்துவிட்டால் நன்றி, மூடினால் நன்றி. எட்டு மாதத்தில் ஒரு குடுவைகூட உடைக்கவில்லை. அப்பாவுக்கு அது சங்கடமாகவே இருந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் ஆய்வகத்தின் திட்டப்பணம் முடியவிருந்தது. அக்டோபர் இருபது, வியாழக்கிழமை, ஐந்து பேர் கொண்ட குழு வந்து பார்த்து முடிவு செய்யும். நீட்டித்தால் மூன்று வருடம். இல்லையென்றால் டிசம்பரோடு அப்பாவின் பணியிடம் போய்விடும். அவருக்கு அப்போது ஐம்பத்தொன்பது. எங்கள் ஊரில் ஐம்பத்தொன்பது வயதுக்காரரை யாரும் வேலைக்கு எடுப்பதில்லை. வீட்டில் இதைப்பற்றி யாரும் பேசவில்லை. அம்மா மட்டும் நிலவறைச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு டிராமுக்குப் போக ஆரம்பித்தாள்.

குழுவுக்குக் காட்ட வேண்டியது ஓர் இலை. புகையிலையின் ஒரு காட்டு இனத்தில், ஊதா நிறத்தைக் கிளப்பும் மரபணு ஒன்று உறங்கிக்கிடக்கிறது. இம்கே திட்டமிட்ட புரதம் அதன் வாசலில் உட்கார்ந்து முடுக்கினால், ஐந்து நாளில் பச்சை இலை ஊதாவாக வேண்டும். வரிசையை இம்கே எழுதிக் கொடுத்தாள். அவளே எழுதிய முதல் பட்டியல் அது. கட்டம்போட்ட தாளில் மேலிருந்து கீழாகப் பதினெட்டு எழுத்து. தலைப்பில், "திரு. வென்ஸ்கே அவர்களுக்கு, ரயில் வரிசைப்படி."

அப்பா அந்தத் தாளை வீட்டுக்கே கொண்டுவந்து காட்டினார்.

"பாரு கெர்லிண்டே. பதினாறு வருஷத்துல ஒரு படிச்ச ஆளு நம்ம பாஷையில எழுதிக் கொடுத்திருக்கு."

கோர்த்தார். சரிபார்த்தார். பதினெட்டுக்கும் டிக் போட்டார். இலையின் அடியில் ஊசியில்லாத சிரிஞ்சை அழுத்திச் செலுத்தினார்கள். ஐந்து நாள் ஆனது. பச்சை. எட்டு நாள். பச்சை. மறுபடி வேறு செடிகளில் செலுத்தினார்கள். நல்ல செழிப்பான பச்சை. பக்கத்துத் தொட்டியில் பழைய புரதம் ஒன்றைச் செலுத்திய இலை தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. ஆகவே கோளாறு புதியதில்தான்.

பேராசிரியர் ஷில்கே பதற்றம் வந்தால் சாக்லேட் உருண்டை சாப்பிடுவார். செப்டம்பர் கடைசியில் பெட்டி பெட்டியாகச் சாப்பிட்டார்.

"வென்ஸ்கே, நீங்க இதுவரைக்கும் வரிசையில தப்பு பண்ணினதே இல்லையே?"

"இல்ல, புரொஃபசர்."

"அதான் பயமா இருக்கு."

இம்கே தன்னையே சந்தேகப்பட்டாள். டி.என்.ஏ.வின் அந்த இடமே இறுக்கி மூடியிருக்கலாம், புரதம் உள்ளே நுழைய முடியவில்லை, முழுத் திட்டத்தையும் மாற்ற வேண்டும் என்றாள். மாற்றினால் ஜனவரி ஆகும். சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அக்டோபர் இரண்டு, ஞாயிறு, தோட்டத்துக்குக் கேக் சாப்பிட வரச்சொன்னார்.

நான் லைப்சிக்கிலிருந்து வந்திருந்தேன். லிஃப்ட் பரிசோதகர் வேலை. அம்மா பிளம் கேக் செய்திருந்தாள், மூன்று தட்டு, நான்கு பேருக்கு. இம்கே பூங்கொத்தோடு வந்தாள். பூ கொடுத்ததற்கு நாங்கள் நன்றி சொல்ல, நன்றி சொன்னதற்கு அவள் நன்றி சொன்னாள்.

பட்டியல் மேசையில்தான் இருந்தது. அப்பா போகிற இடமெல்லாம் அதைக் கொண்டுபோவார். அம்மா மாவுக் கையோடு அதை எடுத்தாள்.

"இதுதான் அந்தப் பதினெட்டு வேகனா?"

"ஆமா."

"இதுல இஞ்சினுக்குப் பக்கத்து வண்டி எது?"

"மேல இருக்கறது" என்றாள் இம்கே, வாய் நிறைய கேக்கோடு.

"கீழ இருக்கறது" என்றார் அப்பா.

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒரு குளவி வந்து கேக்கில் உட்கார்ந்தது. யாரும் விரட்டவில்லை.

"இஞ்சின் முன்னாடிதானே இருக்கும்?" என்றாள் அம்மா. "முப்பது வருஷமா நான் முன்னாடிதான் உக்காந்து ஓட்டறேன்."

"அது ஆளுங்க ஏறிப் போற வண்டி, கெர்லிண்டே. யார்டுல இஞ்சின் பின்னாடி நின்னு தள்ளும்."

"ஏன்?"

"ஏன்னா மேடு இருக்கு!"

அப்பா காலித் தட்டு ஒன்றை எடுத்துக் கவிழ்த்து மேடாக வைத்தார். அதன் சரிவில் பிளம் பழங்களை வரிசையாக நிறுத்தி, காபிக் குடுவையால் பின்னாலிருந்து தள்ளினார்.

"குடுவைதான் இஞ்சின். மேட்டு உச்சியில கழட்டி விடுவோம். ஒண்ணொண்ணா அதுவே உருண்டு இறங்கும். முதல்ல இறங்குறது எது? இஞ்சினுக்கு ரொம்பத் தூரத்துல இருக்கறது."

முதல் பழம் உச்சியைத் தாண்டி உருண்டு இம்கேயின் மடியில் விழுந்தது.

"இதுதான் ஒண்ணாம் நம்பர்" என்றார் அப்பா. "லிஸ்ட்டுல மேல எழுதுறது இதைத்தான். இருபத்து மூணு வருஷம் இப்படித்தான் படிச்சேன். உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க எல்லாரும் வாலைக் கடைசியிலதான் எழுதுவாங்க. வால்தானே இஞ்சின். அதுவும் இதுவும் ஒண்ணுதான், பிரச்சினையே வந்ததில்ல."

இம்கே மடியிலிருந்த பழத்தைப் பார்த்தாள்.

"நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனா நீங்க எப்பவும் இஞ்சின், இஞ்சின்னு சொல்லுவீங்களே. உங்களுக்குச் சௌகரியமா இருக்கட்டுமேன்னு திருப்பி எழுதினேன். இஞ்சின் பக்கத்துலேர்ந்து. ரயில் வரிசைப்படி."

"நான் ரயில் வரிசைப்படிதான் படிச்சேன்."

"ரெண்டு பேருமா மரியாதை பண்ணியே கவுத்துட்டீங்க" என்றாள் அம்மா.

அப்பா குடுவையைக் கீழே வைத்தார். "பதினெட்டும் தலைகீழா?"

"பதினெட்டும்."

"டிக் போட்டேனே. ஒவ்வொண்ணுக்கும்."

"தலைகீழ்ப் பட்டியலை வச்சுச் சரிபார்த்தா தலைகீழ் ரயில் சரியாத்தான் இருக்கும், அப்பா" என்றேன்.

"மேடம் இன்ஸ்பெக்டர் பேசிட்டாங்க. உங்க ஆபீஸ்ல இந்த மாதிரி நடந்தா என்ன பண்ணுவீங்க?"

"லிஃப்டை மூடி சீல் வைப்போம்."

"நீ கேக்கைச் சாப்பிடு, டோரீன்."

அவர் எழுந்து தக்காளிப் பாத்திவரை நடந்து போனார். திரும்பி வந்தார். பட்டியலின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தார். திங்கள் கோர்ப்பது, செவ்வாய் பாக்டீரியா வளர்வது, புதன் பிரித்தெடுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் நேரம். பதிமூன்றாம் தேதி செலுத்தினால் பதினெட்டாம் தேதி ஊதா. குழு வர இரண்டு நாள் மிச்சம்.

"இம்கே, நீ நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வந்துடு."

இம்கே முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கண்ணாடி எதையும் உடைத்திருக்கவில்லை. ஆனால் பதினெட்டு வேகன் தடம் புரண்டது ஒரு குடுவைக்குச் சமம் என்று அவர் தீர்மானித்திருக்க வேண்டும்.

"நாளைக்கு லீவு ஆச்சே, லோதர்" என்றாள். பெயர் சொல்லும்போது காது சிவந்தது. "நாடு ஒண்ணு சேர்ந்த நாள்."

"நாடு ஒண்ணு சேர்ந்ததுக்குத்தான் என்னை உபரின்னாங்க. அந்த நாளுக்கு நான் எதுக்கு லீவு போடணும்?"

மறுநாள் ஆய்வகத்தில் அவர்கள் இருவர் மட்டும். அப்பா ஒரு கட்டளையை எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினார்: "இஞ்சின் எந்தப் பக்கம் என்று குறிக்காத பட்டியலுக்கு வண்டி கிளம்பாது."

இனி நடந்தது இம்கே சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா தன் பங்கைச் சுருக்கியே சொன்னார்.

பேராசிரியரிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் மூன்று உருண்டை சாப்பிட்டுவிட்டு, "சரி. திரும்பக் கோத்துடுங்க. அந்தத் தலைகீழ் சனியனைத் தூக்கிப் போடுங்க. குழு வர்ற அன்னிக்கு அதைப் பத்தி ஒரு மூச்சு விடக்கூடாது" என்றார். அப்பா சரி என்றார். எதற்குச் சரி என்றார் என்பது பிறகு தெரிந்தது.

பதினெட்டாம் தேதி இலை பச்சை. பத்தொன்பதாம் தேதி காலை பச்சை. மாலையில் பேராசிரியர் ஓர் ஓரத்தில் ஊதா தெரிகிறது என்றார். இம்கே அது நிழல் என்றாள். நிழலா இல்லையா என்று பார்க்க இருவரும் மாறி மாறி வெளிச்சத்தை மறைத்தார்கள். அப்பா செடிகள் இருந்த கண்ணாடிக்கூடத்தின் ஹீட்டரைப் போய்ப் பார்த்தார். இரண்டு டிகிரி குறைவாக ஓடியிருக்கிறது.

"வண்டி லேட்டு" என்றார். "கேன்சல் இல்ல."

வியாழக்கிழமை காலை அம்மா முதல் டிராமில் அவரை இறக்கிவிட்டாள். ஏழு மணிக்கு அவர் அம்மாவுக்குப் போன் செய்தார். ஒரே சொல்: "ஊதா."

"எவ்வளவு ஊதா?"

"ஊதா முட்டைக்கோஸ் இருக்கே, அந்த ஊதா."

"அதைச் சந்தையில முழுசாவே விக்கிறாங்களே" என்றாள் அம்மா. பிறகு ஓட்டுநர் அறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். டிராம் நான்கு நிமிடம் தாமதம்.

குழு பத்து மணிக்கு வந்தது. தலைவி சூரிக்கிலிருந்து வந்த ஒரு பெண்மணி, ஒல்லியானவர், எதற்கும் சிரிக்காதவர். பேராசிரியர் இலையைக் காட்டினார். நடு நரம்புக்கு வலப்பக்கம் பளிச்சென்று ஊதா. தலைவி குனிந்து பார்த்தார். இடப்பக்கமும் சிரிஞ்சு அழுத்திய வட்டத் தழும்புகள் இருந்தன. ஆனால் பச்சை.

"இந்தப் பக்கம் என்ன?"

பேராசிரியர் அதை அப்போதுதான் கவனித்தார். "அது... அது ஒண்ணுமில்லீங்க. காலி."

அப்பா சுவரோரம் நின்றிருந்தார். சும்மா இருந்திருக்கலாம். ஊதா இருந்தது. அதுவே போதும்.

"காலி இல்லீங்க" என்றார் அப்பா. "அது என் தப்பு."

"இவர் யாரு?"

"எங்க டெக்னீஷியன்" என்றார் பேராசிரியர், டெக்னீஷியன் என்பது ஒரு நோய்போல.

"அதே பதினெட்டு வேகன்தாங்க. அதே இஞ்சின். நான் வரிசையைத் தலைகீழாக் கோத்துட்டேன். அதுக்குப் போய் நிக்க ஸ்டேஷனே இல்ல. எங்கயோ ஓரத் தண்டவாளத்துல, சைடிங்ல நிக்குது. அதையும் இந்தப் பக்கம் ஏத்தி வச்சேன்."

"தப்பு அவரோடது இல்ல" என்றாள் இம்கே. "லிஸ்ட் எழுதினது நான்."

"படிச்சது நான்."

"லோதர், நீ சும்மா இரு."

"நீ சும்மா இரு."

தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சண்டை அப்புறம். ஊதா வந்தது புரதத்தோட வரிசையாலயா, இல்ல எதை அழுத்தினாலும் இந்தச் செடி இப்படித்தான் ஆகுமான்னு கேக்கணும்னு குறிச்சு வச்சிருந்தேன். இப்ப கேக்க வேண்டியதில்ல." பேராசிரியரைப் பார்த்தார். "உங்க அறிக்கையில இது இல்லையே? இருக்கறதுலயே இதுதானே முக்கியம்?"

பேராசிரியர் பையில் உருண்டை தேடினார். இல்லை.

"இப்படி ரெண்டு பக்கமும் செஞ்சது எத்தனை இலை?"

"ஒன்பது" என்றார் அப்பா. "ஒன்பதும் இதே மாதிரிதான்."

"ஒன்பதுல செய்யச் சொல்லி யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லலீங்க. ஒரே ஒரு வேகன்ல பிரேக்கைப் பாத்துட்டு வண்டிய அனுப்ப மாட்டோம்."

குழு போனபின் பேராசிரியர் அப்பாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தூக்கிப் போடச் சொன்னதை ஏன் வைத்தீர்கள் என்று கேட்டார். யார்டில் தடம் புரண்ட வேகனை இருட்டில் மறைத்து வைத்தால் அடுத்த ஷிஃப்டுக்காரன் அதில் முட்டிக்கொள்வான் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அப்பா கிளம்பும்போது பேராசிரியர் ஒரு பெட்டி உருண்டை கொடுத்தார். திறந்த பெட்டிதான்.

முடிவு டிசம்பர் முதல் வாரம் வந்தது. அப்பா ஆய்வகத்தில் அதன் நகலை வாங்கி, பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நிலவறைச் சாவி எங்கே என்று கேட்டார். அம்மா பையைத் துழாவிக் கொடுத்தாள். அவர் இறங்கிப் போனார். அம்மா படிக்கட்டில் நின்றாள். கத்தவில்லை. பத்து நிமிடம் கழித்துக் கீழேயிருந்து குரல் வந்தது.

"மூணு வருஷம், கெர்லிண்டே."

"அப்ப ஊறுகாய் தப்பிச்சுது" என்றாள் அம்மா.

அந்த மூன்று வருடம் அடுத்த மூன்றானது. அறுபத்தைந்து வயது வரை கோர்த்தார். அந்த ஆய்வகத்தின் எல்லாப் பட்டியல்களிலும் இன்றைக்கும் மேலே ஓர் அம்பும் ஒரு சின்ன இஞ்சினும் வரைகிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்குக் காரணம் தெரியாது. அம்பு போடாத பட்டியலைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று மட்டும் தெரியும்.

மார்ச் இருபத்தொன்றாம் தேதி இறுதிச் சடங்கு. எங்களுக்குச் சர்ச் கிடையாது. எங்கள் ஊர்ப் பழக்கப்படி, பேசுவதற்கு ஒருவரை அமர்த்தினோம். அவர் அப்பாவைப் பார்த்ததில்லை. வாழ்க்கை விவரங்களை ஒரு பக்கத்தில் எழுதித் தாருங்கள், அழகாக வாசிக்கிறேன் என்றார். எழுதினேன். என்னுடையது லிஃப்ட் பரிசோதனை அறிக்கை எழுதும் கை. அதில் கடைசியாக நடந்ததுதான் முதல் வரியில் வரும்.

அவர் தொழில் தெரிந்த பேச்சாளர். கொடுத்ததைக் கொடுத்த வரிசையில், நடுநடுவே 'அதன்பின்' சேர்த்து, நல்ல குரலில் வாசித்தார்.

"லோதர் வென்ஸ்கேயின் இதயம் நின்றது" என்று தொடங்கினார். "அவர் ஓய்வு பெற்றார். ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடம் பணியாற்றினார். அதன்பின் யார்டிலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது."

முன்வரிசையில் யார்டுக் கிழவர்கள் ஆறு பேர், பழைய தொப்பியோடு. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் வரிசையில் இம்கே. இப்போது அவளுக்கே ஆய்வகம் இருக்கிறது. கைக்குட்டையால் முகத்தை மூடியிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

"அதன்பின் அவருக்கு டோரீன் என்ற மகள் பிறந்தாள். அதன்பின் அவர் கெர்லிண்டேயை மணந்தார்."

"அப்படிப்பட்ட பொம்பளையா நான்?" என்றாள் அம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு என் பக்கம் சாய்ந்தாள். "இஞ்சின் எந்தப் பக்கம்னு எழுதினியா?"

"இல்லம்மா."

"உங்கப்பா உனக்குச் சொல்லவே இல்லையா?"

சொல்லியிருக்கிறார். நூறு முறை.

"அதன்பின் யார்டில் சேர்ந்தார். அதன்பின் பள்ளிக்கூடம் போனார். ஒரு மிதிவண்டி கிடைத்தது. அதன்பின் நடக்கக் கற்றுக்கொண்டார்." பேச்சாளர் தாளின் அடிக்கு வந்திருந்தார். அவருக்கே ஏதோ புரிந்திருக்க வேண்டும். நிறுத்தவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார். "1952 மே மாதத்தில், மேர்சபுர்க் நகரில், லோதர் வென்ஸ்கே பிறந்தார்."

தாளை மடித்தார்.

பிறகு யார்டுக் கிழவர்களில் ஒருவர் எழுந்து நின்று, வண்டி போகலாம் என்பதற்கு அங்கே காட்டுவதுபோல், கையை உயர்த்தி இறக்கினார்.